முதலாளி கும்பிடும் மெஷின்

மெஷினுக்குள் ஏதோ ஒன்று ‘டங்’ என்றது. அப்புறம் ‘டங் டங்’. அப்புறம் சத்தமே இல்லை. சின்னவன் அதன் கதவை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான்.

அந்தச் சலவைக்கடையில் அவன் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைக்கு இருப்பதோ ஒரே ஒரு பெரிய மெஷின். ஓடினால் சுவரெல்லாம் ஆடும். ஆனாலும் முதலாளி தினமும் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் தலையில் கை வைத்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தொட்டிருக்க மாட்டார்.

“பாக்கெட்டெல்லாம் பார்த்துத்தானே போட்ட?” என்றாள் இஸ்திரி அக்கா.

“பார்த்தேன்க்கா. ஒண்ணைத் தவிர.”

“அதுல என்ன இருந்துச்சு?”

வட்டக் கண்ணாடி வழியாக, நுரைக்கு நடுவே ஒரு சுத்தியல் எட்டிப் பார்த்தது. தச்சரின் பேன்ட்.

நல்லவேளை, முதலாளி வெளியூர் போயிருந்தார். சின்னவன் ஊரில் ஃபேன் ரிப்பேர் செய்யும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டான்.

“சுத்துற சாமான் எல்லாம் ஒண்ணுதான் மாப்ள. பின்னாடி கறுப்பா ஒரு பெல்ட் இருக்கா?”

“இருக்கு மச்சான்.”

“லேசா இழு.”

“இப்ப இல்ல மச்சான்.”

“பரவால்ல. கதவைத் திறந்து சுத்தியலை எடு.”

திறந்தான். சுத்தியலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியோடு ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள்.

“டேய், ஒயரு! ஒயரைப் பிடுங்குடா!”

பிடுங்கிவிட்டு, கைக்கு எட்டியதையெல்லாம் போட்டுத் தரையைத் துடைத்தான். எட்டியவை, அக்கா காலையிலிருந்து தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள்.

“மச்சான், இப்ப என்ன பண்ண?”

மச்சான் லைனில் இல்லை. ‘சிக்னல் சரியில்ல மாப்ள’ என்று மெசேஜ் மட்டும் வந்திருந்தது.

அக்கா ஈரச் சட்டைகளை மூட்டை கட்டினாள். “நான் வீட்டுக்குப் போறேன். நீ மட்டும் இனிமே அதைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன். முதலாளி வந்து அப்படியே கண்ணால பார்க்கட்டும்.”

போட்டுக் கொடுக்கப் போகிறாள்! வேலை போனால் கடைக்கு மேலே இருக்கும் ரூமும் போகும். பெட்டியோடு தெருவில்தான் நிற்க வேண்டும். ஊருக்குப் போக டிக்கெட்டுக்குச் சேர்த்ததை அப்படியே கொடுத்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் கைராசி, இருட்டுவதற்குள் மெஷின் பூனைபோல் உறுமியது.

அம்மாவிடம் போனில் அழுதான்.

“காசு போனாப் போகுது. பொய் மட்டும் சொல்லாத சாமி. காலையில நீயே போய் ஒத்துக்கோ.”

காலையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றினார். மெஷினின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

“என்னடா இது, ஆடவே மாட்டேங்குது?”

“முதலாளி... நேத்து இதை நான் கொன்னுட்டேன்.”

“என்னது?”

“சுத்தியலோட துணியைப் போட்டுட்டேன். நின்னுடுச்சு.”

முதலாளியின் உதடு துடித்தது. கண் கலங்கியது. “சுத்தமாவா நின்னுச்சு?”

“சுத்தமா.”

அவர் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்தார். அடி விழப்போகிறது என்று சின்னவன் கண்ணை இறுக்கிக்கொண்டு மிச்சத்தையும் கொட்டினான்.

“கவலைப்படாதீங்க முதலாளி! என் கைக்காசைப் போட்டு சரி பண்ணிட்டேன். இன்னும் பத்து வருஷத்துக்கு நிக்காதுன்னு மெக்கானிக் அடிச்சுச் சொல்லிட்டாரு!”

தோளிலிருந்த கைகள் நழுவின. முதலாளி அழுக்குத் துணி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அக்கா, அவருக்கு என்னக்கா ஆச்சு? நான்தான் சரி பண்ணிட்டேனே!”

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அட கூறுகெட்டவனே, இது வாடகை மெஷின்டா. இது நின்னாத்தான் கம்பெனிக்காரன் புதுசு தருவான். அந்த மனுஷன் இத்தனை வருஷமா கும்பிட்டதே, இது எப்படா நின்னு தொலையும்னுதான்!”