துண்டு விரிக்காமல் விழுந்தவர்

நோவு நொடி எதுவும் இல்லாமல் என் ஆம்னி வண்டியில் பதினேழு தடவை மாரடைப்பில் படுத்து வந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் அதியமான்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கிறார். ராணுவப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பேர் இருக்கும். எங்களுக்கு அவர் ரிகர்சல் ஹவில்தார்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன். பயம் என் கூடப் பிறந்தது. போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுப்பேன். நாலு டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் ஹவில்தார் தன் ஆம்புலன்ஸ் டிரைவராகப் பிடித்தார்.

எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லோரிடமும் மருத்துவ அட்டை உண்டு. அதைக் காட்டினால் பட்டியலில் இருக்கும் சேலத்து ஆஸ்பத்திரிகளில் செலவில்லாமல் வைத்தியம். ஒருநாள் மத்தியானம் அதில் ஒருவருக்கு நெஞ்சுவலி. கார்டு இரும்புப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி சம்சாரத்தின் முந்தானையில். சம்சாரம் பாப்பாரப்பட்டி சந்தையில். கார்டு இல்லாமல் போனால் சேர்க்க மாட்டார்கள் என்று ஒருவர், முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் சிபாரிசுச் சீட்டு வாங்காமல் போகவே முடியாது என்று இன்னொருவர். அரைமணி நேரம் போய்விட்டது. பூட்டை உடைத்ததில் கார்டு கிடைத்தது. அவர்தான் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் ஹவில்தார் பாலிகிளினிக்குக்குப் போய் விசாரித்தார். உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டு வேண்டாம், முதலில் ஆளைச் சேர்க்கலாம், தகவலைப் பிறகு சொல்லலாம் என்றார்கள்.  மறுநாள் ஹவில்தார் ஒரு சுத்தியலும் எட்டு ஆணியும் வாங்கி வந்தார். எட்டு வூட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்திலும் ஆணி அடித்து, சிவப்புக் கயிற்றில் கார்டைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து தொடங்கியதுதான் ரிகர்சல்.

முதலில் விசில் ஊதுவார். பிறகு தொப்பியைக் கழற்றுவார். மூக்குக்கண்ணாடியைப் பையில் வைப்பார். தோளிலிருக்கும் துண்டை உதறித் தரையில் விரிப்பார். அதன் மேல், சட்டை அழுக்காகாத மாதிரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். மற்றவர்கள் தூக்க வேண்டும். சரசக்கா, அதாவது அவர் சம்சாரம், கார்டைக் கழற்றி வர வேண்டும். நான் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"நாலு நிமிசம். பேஷண்ட் செத்துட்டான். மறுபடியும் தூக்குங்க!"

"வாரத்துக்கு ஒருக்கா சாவறாரு மனுசன்," என்பார் சரசக்கா. "தூக்க வர்றவங்களுக்குக் காப்பி போட்டே நான் போயிடுவேன் போல."

சில நாள் மற்றவர்களுக்கும் நெஞ்சுவலி முறை வரும். அந்த எட்டுப் பேரில் ஒருவர் சுபேதார், கொஞ்சம் பெருத்த உடம்பு. அவர் முறையென்றால் ஊரே காணாமல் போய்விடும். அவரோ வண்டியில் ஏற்றியதுமே குறட்டை விடுவார்.

வண்டி சேலம் ரோட்டில் நல்லம்பள்ளியைத் தாண்டி, தொப்பூர் கணவாய்க்கு முன்னால் யூ-டர்ன் அடித்துத் திரும்பிவிடும். "பெட்ரோல் என்ன தண்ணியா?" என்பார் ஹவில்தார். எனக்கு அது பெரிய நிம்மதி. அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி பின்னால் வந்தால் எனக்கு முதுகுத்தண்டில் பல்லி ஊர்கிற மாதிரி இருக்கும்.

ரிகர்சல்தான் என்று தெரிந்தும் நான் ஒவ்வொரு தடவையும் வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிடுவேன். ஒருதடவை அழுதேவிட்டேன். "பேஷண்ட வுட்டுட்டு மொதல்ல டிரைவருக்கு ஊசி போடுங்கப்பா," என்று சுபேதார் தெருவே சிரிக்கும்படி சொன்னார்.

"ண்ணா, என்னை வுட்டுருங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது. வேற டிரைவரைப் பாருங்க."

"அடிச்சுக்கட்டும். நீதான்டா ஓட்டணும்," என்பார் ஹவில்தார்.

ஒரு புதன்கிழமை காலை. ஹவில்தார் ஆணிகளைப் பார்வையிட வந்தார். சுபேதார் வூட்டு ஆணியில் கார்டுக்குப் பதில் குடை தொங்கியது. "யோவ், குடையைக் காட்டுனா ஆஸ்பத்திரியில சேத்துக்குவானா?" என்று கத்திக்கொண்டே தெருக்குழாய்ப் பக்கம் திரும்பியவர், அப்படியே விழுந்தார்.

யாரும் அசையவில்லை.

"இன்னிக்கி சொல்லாம கொள்ளாம ஆரம்பிச்சிட்டாரு," என்றார் சுபேதார். "விசிலே ஊதல, செல்லாது."

"இருங்க, டீயைக் குடிச்சிட்டு வந்து தூக்கலாம்," என்றார் இன்னொருவர்.

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சேற்றில் இருந்தது. தொப்பி தலையிலேயே இருந்தது. துண்டு தோளிலேயே இருந்தது.

"துண்டு விரிக்கலைங்க!" என்று கத்தினேன். "அண்ணா துண்டு விரிக்கலைங்க!"

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். குழாயடியில் இருந்த சரசக்காவுக்கு மட்டும் புரிந்தது. குடத்தைப் போட்டுவிட்டுத் தன் வூட்டு ஆணியை நோக்கி ஓடினார். அதற்கப்புறம் அந்தக் கிழட்டுச் சிப்பாய்கள் தூக்கிய வேகத்தை நான் எந்த ரிகர்சலிலும் பார்த்ததில்லை.

நல்லம்பள்ளியில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்தார். மாத்திரை கொடுத்தார். "எங்கயும் நிக்காதீங்க, நேரா சேலம்," என்றார். 

வழக்கமாகத் திரும்புகிற இடம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. பின்சீட்டிலிருந்து, சரசக்கா மடியிலிருந்து, காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"நேராப் போடா."

போனேன். முன்னால் ஒரு டேங்கர் லாரி. பின்னால் இரும்புக்கம்பி ஏற்றிய லாரி. பிரேக் கருகுகிற வாசனை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பின்சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

"அக்கா, அண்ணன்கிட்ட ஏதாச்சும் பேசுங்கக்கா."

"அவரு காதுல பேசிக்கிட்டுத்தான் இருக்கறேன். நீ ரோட்டைப் பாரு சாமி."

சேலத்தில் கார்டை நீட்டினோம். உள்ளே கொண்டுபோனார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு நாள் நானும் சுபேதாரும் வராந்தாவிலேயே கிடந்தோம்.  சுபேதார் அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் ஹவில்தார் கண்ணைத் திறந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிசம்டா?"

"பாக்கலைங்கண்ணா."

"பதினேழு தடவை விழுந்து காட்டியும் ஒருத்தன்கூடவா பாக்கல?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தார்.

அவர் அறையை விட்டு வெளியே வந்தபோது சரசக்கா சொன்னார்: "தெருவுல இன்னும் ரெண்டு டிரைவருங்க இருக்கறாங்களே, எதுக்கு இந்தப் பயந்தவன்னு அன்னிக்கே கேட்டேன். தைரியசாலி ஒரு கையில போன் பேசிக்கிட்டே ஓட்டுவான், நம்மாளு ரெண்டு கையிலயும் கெட்டியாப் புடிச்சு ஓட்டுவான்னாரு."

இப்போதும் ரிகர்சல் நடக்கிறது. விழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஹவில்தார் நாற்காலியில் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். சுபேதார் வூட்டு ஆணியில் கார்டுதான் தொங்குகிறது. யூ-டர்ன் ரத்தாகிவிட்டது. கணவாயில் இறங்கி, அந்தப் பக்கம் போய்த்தான் திரும்ப வேண்டும். பெட்ரோல் தண்ணீராகவே செலவாகட்டும் என்கிறார்.

போன வாரம் அவர் முறை. பாதி இறக்கத்தில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பயமா இருக்குதாடா?"

"இருக்குதுங்கண்ணா."



"எனக்குந்தான். நேராப் போ."

எனக்குத் திக்கென்றது. ரோட்டிலிருந்து ஒரு நொடி கண்ணை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சீட்டின் மேல் துண்டு விரித்துத்தான் படுத்திருந்தார்.