ஒரு தடவை இறக்கினால் போதும்

தன் சனிக்கிழமையை மனைவியிடமிருந்து மீட்டே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை மலேசியாவின் கிள்ளானில் பரமேஸ்வரன் முடிவெடுத்தார்.

மனைவி அமுதவள்ளி சனிக்கிழமைதோறும் வீட்டு ஹாலில் பத்துப் பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். பத்துப் பேருக்கும் யாரோ கழித்துப்போட்ட லேப்டாப்கள். லினக்ஸ் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் பரமேஸ்வரன்தான். ஆனால் புதிதாக ஒரு மென்பொருள் போடவேண்டும் என்றால், அதே பேக்கேஜைப் பத்து லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும். லைன் மூச்சுத் திணறும். காலை பத்துக்குத் தொடங்கும் வகுப்பு மாலை நாலுக்குத்தான் முடியும். அதற்கப்புறம் அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் கழித்து, பெண்டாட்டியோடு ஒரு தே தாரிக் டீ குடிக்க மனுஷன் வரிசையில் நின்றார்.

"ஒரு கேஷிங் ப்ராக்ஸி வைக்கப்போறேன்," என்றார்.

"அது என்ன பண்ணும்?"

"முதல் லேப்டாப் கேக்குறப்ப ஒரு தடவை இறக்கி, நம்ம பழைய டெஸ்க்டாப்புல சேத்து வச்சுக்கும். மத்த ஒம்பதும் வெளிய போகாம இங்கயே வாங்கிக்கும்."

"ஒருத்தர் பாசாருக்குப் போயி தெருவுக்கே தேங்கா வாங்கிட்டு வர்ற மாதிரி."

"அதேதான் லா."

"நீங்க நம்ம வீட்டுக்கே வாங்கிட்டு வர்றதில்லயே." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எவ்வளவு நேரம் மிச்சமாகும்?"

"மூணு மணி நேரம்."

"எல்லாம் என் ஸ்டூடண்ட்ஸுக்காகவா?"

"வேற யாருக்கு?" என்றார், ரவுட்டரைப் பார்த்துக்கொண்டே.

சாப்பாட்டுக்கு முன்பே டெஸ்க்டாப்பைத் தயார் செய்தார். பேக்கேஜ் வேண்டுமென்றால் இந்த முகவரியில் கேள் என்று ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒரு வரி எழுதினார். சோதித்தார். பறந்தது.

மறுநாள் காலை வகுப்பில் பத்து லேப்டாப்பும் ஒரே குரலில் கைவிரித்தன.

"தம்பி," என்றார் பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாணவி வீரம்மா, "நீங்க சரி பண்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?"

பரமேஸ்வரனுக்கு வேர்த்தது. ஒரு கம்பெனியின் சர்வர்களையே மேய்க்கிறவர். அமுதவள்ளி மெல்ல வந்து காதோரம் கேட்டாள்:

"காலையில டெஸ்க்டாப்ப அடைச்சுத் திரும்ப ஆன் பண்ணீங்களா?"

"ஆமா."

"ரவுட்டர் அதுக்கு வேற அட்ரஸ் குடுத்திருக்கும். நிரந்தரமா ஒண்ண எழுதி வைக்கலயா?"

வைக்கவில்லை. வைத்தார். முதல் லேப்டாப்புக்கு இருபது நிமிஷம் பிடித்தது. மற்ற ஒன்பதும், வீரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடித்துவிட்டன.

வகுப்பு ஒரு மணிக்கே கலைந்தது. பரமேஸ்வரன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"கெளம்பலாமா?"

"கெளம்பலாமே. அந்த டெஸ்க்டாப்பயும் கழட்டி எடுத்துக்குங்க."

"அது எதுக்கு?"

"கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பன்னண்டு பேரு ஆறு மாசமா கிளாஸ் கேக்குறாங்க. நேரமில்லன்னு சொல்லிட்டிருந்தேன். நீங்க மூணு மணி நேரம்னதுமே நேத்தே சரின்னு மெசேஜ் போட்டுட்டேன். பேக்கேஜ் எல்லாம்தான் இதுல இருக்கே."

பரமேஸ்வரனின் முகம் ஹாங் ஆன ஸ்கிரீன் மாதிரி நின்றது. அவள் அவர் காலரைச் சரிசெய்தாள்.

"இந்த மூணு மணி நேரம் யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? தனியா போகவா கூப்பிடுறேன்? எனக்கும் உங்ககூட ஒரு சனிக்கெழம வேணும்."

கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் டெஸ்க்டாப் அவர் மடியில் இருந்தது. ஷா ஆலம் தாண்டியதும் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுகூட அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

"மேருவுலயும் ஒரு கிளாஸ் கேட்டாங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "ஞாயித்துக்கெழம வர்றோம்னு சொல்லிட்டேன்."