பல்டி அண்ணாச்சியின் மிட்ஃபீல்டர்

மனிதர்களைத் தலைகீழாகப் பார்த்த பின்பே மதிப்பிட்டவர், தாராவியில் எனக்குத் தெரிந்து பல்டி அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய இயற்பெயரை மரணச் சான்றிதழில்தான் முதன்முதலாகப் படித்தேன். யாரோ அந்நியர் இறந்துவிட்டார் என்று ஒரு கணம் ஆறுதல்கூட அடைந்தேன்.

பை, சூட்கேஸ் செய்யும் பட்டறை அவருடையது. மாலை வேளைகளில் ஒரு கால்பந்து அணியையும் நடத்தினார். அணுசக்தி நகரில் பாதுகாப்பு விதிகளை எழுதியே முப்பதாண்டுகளைக் கழித்து, ஓய்வுபெற்றுச் செம்பூரில் குடியிருந்த என்னை, ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்ற ஒரே தகுதியின்பேரில் அணியின் செயலாளராக்கினார்.

மிட்ஃபீல்டருக்கான ஆள்தேர்வை முதன்முதலாகப் பார்த்த அன்று, நான் எழுதிய பாதுகாப்பு விதிகளெல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன. பட்டறை வாசலில் ஃபோம் துண்டுகள் இடுப்பளவு குவிக்கப்பட்டிருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் பின்பக்கமாகப் பல்டி அடிக்க வேண்டும். விழுந்து எழுந்த மறுநொடி, "கல்யாண் எந்தப் பக்கம்லே?" என்று கேட்பார் அண்ணாச்சி. அந்த ஊர் இருக்கும் திசையில் சரியாகக் கை காட்டியவன் மிட்ஃபீல்டர். பன்வேல் பக்கம் காட்டியவன் பின்வரிசை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் கோல்கீப்பர்.

"பந்தையே காணோமே?" என்றேன்.

"பந்து கெடக்கு சார். முன்னால நிக்கவன் முன்னால பாத்தா போதும். நடுவுல நிக்கவனுக்கு நாலா பக்கமும் இடி விழும். தல கீழ இருக்கையிலயும் தெச தப்பாதவந்தான் மிட்ஃபீல்டரு."

"கழுத்து முறிந்தால்?"

"அரே சார், ஃபோமு எதுக்குப் போட்டிருக்கேன்? ஏக்தம் ஒரிஜினல் மால்!"

அலுவலக அணியொன்றில் பத்தாண்டுகள் நடுக்களத்தில் ஆடிய ஒருவர், பல்டி அடிக்க மறுத்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். கோகுலாஷ்டமிக் கோவிந்தா கூட்டத்தில், மனிதக் கோபுரத்தின் ஏழாவது அடுக்கில் ஏறித் தயிர்ப்பானை உடைத்த ஒருவனோ, பந்தை எந்தக் காலால் உதைப்பது என்று கேட்டபடியே அணியில் சேர்ந்தான். அந்த ஆண்டு நாங்கள் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் விழுந்ததெல்லாம் பார்க்க மிக அழகாக இருந்தது.

மறு ஆண்டுதான் தேவ்நாரிலிருந்து செல்வின் வந்தான், தாயுடன். வயது இருபது. ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவன். பயிற்சியாளர் தடுத்தும் கேளாமல் இரட்டைப் பல்டியை முயன்று, தலை மோத விழுந்து, மூன்று மாதம் கழுத்துப் பட்டையோடு கிடந்தவன். இன்னொரு முறை விழுந்தால் எழமாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஆகவே அந்த அம்மாள் ஆபத்தில்லாத விளையாட்டு என்று கால்பந்தைத் தேர்ந்தெடுத்து, மும்பை முழுவதிலும் இந்த ஒரு மனிதரிடம் மகனை அழைத்து வந்திருந்தார்.

"அண்ணாச்சி, இவன் கரணம் மட்டும் போடவே கூடாது. எனக்கு இவன் ஒருத்தந்தான்."

நான் ஃபோம் குவியலைப் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். பிறகு நிதானமாக அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

"கவலப்படாதிய தாயி. இங்க அந்தப் பழக்கமே கெடையாது" என்றார், சற்றும் கூசாமல்.

தேர்வில்லாமல் சேர்க்கப்பட்ட ஒரே மிட்ஃபீல்டர் அவன்தான். அவன் நடுக்களத்தில் நிற்கத் தொடங்கியதும் நாங்கள் வெல்லத் தொடங்கினோம். வட்டாரப் போட்டியின் இறுதியாட்டத்துக்கே வந்துவிட்டோம் என்பது எனக்கு அடுத்த அதிர்ச்சி.

அன்று மழை பெய்து மைதானம் சேறாகியிருந்தது. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில், எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. பந்தை எடுத்த செல்வின் பத்தடி பின்வாங்கினான். ஓடிவந்து, பந்தைத் தரையில் ஊன்றிக் கரணம் அடித்தெழுந்து எறிந்தால், அது கோல் வாசலிலேயே போய் விழும். பயல் யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறான்! "பல்டி! பல்டி!" என்று கூட்டம் அலறியது. நான் எழுந்து நின்றதோடு சரி.

அண்ணாச்சி ஓடினார். அறுபத்து நான்கு வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். செல்வின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கி, சேற்றில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அரே சாச்சா, உடோ! பாகல் ஹோ கயா க்யா?" என்று, பைத்தியமா பிடித்துவிட்டது எழுந்திரு என இந்தியில் கத்தி, நடுவர் கையை ஓங்கினார்.

"எந்திரிக்க மாட்டேன். நீரு விசில ஊதும்வே."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊதினார். தோற்றோம்.

"ஊரையே பல்டி அடிக்க வச்சிய, செயிக்க வேண்டிய அன்னைக்கு உக்காந்துட்டியளே அண்ணாச்சி!" என்று எங்கள் கோல்கீப்பரே கத்தினான். செல்வின் அழுதுகொண்டிருந்தான்.

"ஒங்க அம்மாட்ட சொல்லிட்டேம்லே" என்றார் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "கையக் குடுங்க சார், முட்டு பிடிச்சுக்கிட்டு."

சென்ற மாதம் ஒரு காலையில், பட்டறையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். செய்தி வந்தபோது நாளிதழ் என் கையில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். ஒரு சொல்லும் நினைவில்லை.

பாடையை முன்னால் நின்று சுமந்தவர்களில் செல்வினும் ஒருவன். குறுகிய சந்தின் திருப்பத்தில், பாசி படிந்த கல்லொன்றில் அவன் கால் வைத்தபோது, உரக்கப் பேசிப் பழகாத நான், "மெதுவா, மெதுவா" என்றேன்.

அவனுக்கு மட்டும் சொன்னதல்ல, அவன் தோளில் இருந்தவருக்கும்.