பூசணிக்காய்க்கு ஏறிய தவச்சூடு

1934 பிப்ரவரி 12, திங்கள்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. "மௌனகிரி சுவாமிகள் பீடத்தில் அமர்ந்தார், பீடம் சுட்டது" என்று எழுதியிருக்கிறேன். சுவாமிகள் அமரவில்லை. அமர்ந்தவர் பீடம் வைத்த வீட்டுக்காரர். சுவாமிகள் செம்புத் தீர்த்தத்தைப் பீடத்தைச் சுற்றி ஊற்றிவிட்டு விலகி நின்றார். சின்னப் பிழைதான். ஆனால் இன்று விடியற்காலையில் அதைத் திருத்தும்போது, சுவாமிகள் ஏன் உட்காருவதே இல்லை என்று மனசு உறுத்தியது.

காரைக்குடி முழுக்க இப்போது தியான அறைப் பைத்தியம். வீட்டுக்கு வீடு ஓர் அறையை ஒழித்து, செங்கல்லில் பீடம் எழுப்பி, மேலே ஆத்தங்குடிக் கல் பதிக்கிறார்கள். பீடத்தைச் சுவாமிகள்தான் கட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவார். பிறகு வீட்டுக்காரரை அதில் உட்கார வைத்துத் தீர்த்தம் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சூடு ஏறும். குண்டலினி எழுந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே ஒரு வெள்ளித் தாம்பாளமும் எழுந்து சுவாமிகளின் வண்டியில் ஏறிவிடும். மறுநாள் பீடம் சுடாது. "சக்தி உள்ளே இறங்கிவிட்டது" என்பார். தாம்பாளம் மட்டும் இறங்காது.

பெயர்தான் மௌனகிரி. அவர் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

இதில் எனக்கென்ன என்றால், ஏகப்ப செட்டியார் வீட்டு முகப்பு அறையில்தான் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. பகலில் மூட்டை தூக்குகிற எனக்கு எழுத வந்ததே அங்கேதான். அத்தனை பெரிய வீட்டில் அத்தனை அறைகள் இருக்க, பீடத்துக்கு இடம் காட்டும் சுவாமிகளின் பிரம்பு எங்கள் கரும்பலகைக்கு முன்னால் வந்துதான் நடுங்கியது. "வகுப்ப வேற எங்குட்டாவது வச்சுக்கங்கப்பா" என்று செட்டியார் சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

இன்று காலை பீடத் திறப்பு. அறை கொள்ளாத கூட்டம். சாம்பிராணிப் புகையில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. செட்டியார் உட்காரப் போனார். என் நாக்கு என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"சாமி, நீங்க ஒருதரம் உக்காந்து காட்டுறீகளா?"

"நான் அமர்ந்தால் வீடே எரிந்துவிடும், பாலகா."

"அப்ப யாரு உக்காந்தாலும் சுடுமா, சாமி?"

"பக்குவப்பட்ட ஆத்மாவுக்கு மட்டும்."

செட்டியாரின் மனைவி நாகம்மை ஆச்சி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனவர் ஒரு பூசணிக்காயோடு வந்தார்.

"மொதல்ல இத உக்கார வைங்க" என்றார் கணவரிடம். "காய்க்கு ஏது பக்குவம்? இதுக்குச் சுடாம உங்களுக்குச் சுட்டா, உங்க பெருமை ஊருக்கே தெரியுமில்ல?"

செட்டியாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. சுவாமிகளுக்குப் பிடிக்கவில்லை. தீர்த்தம் தரமாட்டேன் என்று செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வச்சுக்கங்க" என்ற ஆச்சி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்.

காத்திருந்தோம். பிறகு பீடம் உஸ் என்றது. என்னோடு படிக்கும் அழகுசுந்தரம் காயின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான்.

"ஆத்தாடி, சுடுது."

இனி ஊர் தெளிந்துவிடும் என்று எண்ணினேன். அது என் இரண்டாவது பிழை. முன்னால் நின்ற பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போன பிறவியில ரிஷியா இருந்திருக்கும்." ஓர் அம்மாள் காலில் விழப் போய், கால் எந்தப் பக்கம் என்று தெரியாமல், காம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுவாமிகள் விடுவாரா? "வரும்போதே அதன் முகத்தில் களை கண்டேன்" என்றார்.

வேறு வழியில்லை. ரிஷியை இறக்கி வைத்துவிட்டு, மேல்கல்லைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளே வெள்ளையாக எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது.

செட்டியார் குனிந்து பார்த்தார். இந்த வீடு கட்டும்போது வருஷக்கணக்கில் குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி நீற்றுவதை மேற்பார்த்தவர் அவர்.

"இது சுண்ணாம்புல்ல?"

"ஆமாங்க" என்றார் ஆச்சி. "குழியில கொதிச்சா சுண்ணாம்பு. உங்களுக்கு அடியில கொதிச்சா குண்டலினி."

சுவாமிகள் அப்போதுதான் பெயருக்கேற்றபடி இருந்தார். வாசலில் அவருடைய வண்டியிலிருந்து தாம்பாளங்களை ஆளுக்கொன்றாக இறக்கிக்கொண்டார்கள். பீடம் கட்டாதவர்கள்கூட ஒன்று கேட்டார்கள்.

"அப்ப நான் எங்குட்டு உக்காந்து தியானம் பண்றது?" என்று செட்டியார் பாவமாகக் கேட்டார்.

"பேசாம இருக்கத்தான? எங்குட்டு வேணும்னாலும் ஒரு பாயப் போட்டு உக்காருங்க. இந்தப் புள்ளைக இங்குட்டே படிக்கட்டும்" என்றார் ஆச்சி.

செட்டியார் பாயைத் தேடி உள்ளே போனார்.

அடியில் சுடுகிறதென்றால், எழுந்து என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பூசணிக்காயால் அது முடியாது. நம்மால் முடியும், முடியாததுபோல் உட்கார்ந்திருக்கிறோம்.

நாளை வேலை: பீடத்தைப் பிரித்துச் செங்கல்லை வெளியே அடுக்க வேண்டும். சுண்ணாம்பை வீணாக்கக் கூடாது. அதைக் கரைத்து, மாலைக்குள் வகுப்பறைக்கு வெள்ளையடித்து முடிக்க வேண்டும்.