அழுக்குக்கு அலைந்த கதை

ஒரு சாமானை வாங்கி முடித்துவிட்டால், விற்றவர் அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். வாங்கலாமா வேண்டாமா என்று நாம் இழுத்துக்கொண்டிருக்கும் வரைதான் மரியாதையெல்லாம். "பசியாறிட்டீங்களா அங்கிள்" என்று கேட்பார்கள், மழையில் நனைந்துகொண்டு வருவார்கள், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். இந்த உண்மை எனக்கு வேலை ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் இசைத்தட்டு கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வாங்காமல் இருக்கத் தொடங்கினேன்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றதும் மனைவியும் நானும் ஊர் சுற்றுவதாக இருந்தது. அதற்குள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் கவிதாவுக்குப் பிரசவம் என்று பரிமளம் விமானம் ஏறினாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். அந்த மூன்று மாதம், பேத்திக்குப் பல் முளைக்கும் வரை என்று ஆனது. பல் முளைத்ததும் நடக்கும் வரை என்று ஆனது. நடக்க ஆரம்பித்ததும், ஓடுகிற பிள்ளையை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தது.

நானும் ஒரு மாதம் போய் இருந்து பார்த்தேன். மருமகன் தங்கமான பிள்ளை. "மாமா, எல்லாம் ஓகேவா?" என்று மணிக்கு ஒருமுறை கேட்டார். (அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ஓகேவாக இருக்கும்?) முழங்கால் வலியைச் சாக்காக வைத்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பெர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் மணி ஒன்றேதான். அவளும் நானும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம், ஒரே நேரத்தில் தூங்கினோம், தனித்தனியாக.

வீட்டில் எனக்கு மிஞ்சியது இசைத்தட்டுகள். வரவேற்பறையின் ஒரு சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். இளம் வயதிலிருந்து கிள்ளானிலும் ஈப்போவிலும் தேடித் தேடிச் சேர்த்தவை. பரிமளத்துக்கு அவற்றின் மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஊசி தட்டில் பட்டதும் எழும் கரகரப்பைக் கேட்டு, "முறுக்கு பொரிக்கிற சத்தம்தான் கேக்குது, பாட்டு எங்க?" என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தட்டின் கோடுகளுக்குள் பல வருடத் தூசி. அவள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவி, முறுக்குச் சத்தம் இல்லாமல் ஒரு பாட்டையாவது அவளைக் கேட்க வைக்க வேண்டும் என்றுதான் இயந்திரம் தேட ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் என் எண்ணம் சுத்தமாகத்தான் இருந்தது.

செமினியில் இருந்த ஒருவர் கையால் சுற்றிக் கழுவும் தொட்டி விற்றார். வீட்டுக்கு வந்து காட்டச் சொன்னேன். "வீடியோ அனுப்புறேன் பாஸ், பாத்துக்கோங்க" என்றார். மனிதன் வராத இயந்திரம் எனக்கு எதற்கு? அவரை விட்டுவிட்டேன். செராஸிலிருந்து கென்னி என்ற சீன இளைஞர் வந்தார். அவருடையது மீன்தொட்டி மாதிரி ஒன்று. தண்ணீருக்குள் அதிர்வு எழுப்பி அழுக்கை உதறிவிடுமாம். என் தட்டுகள் பத்தை மளமளவென்று கழுவிக் கொடுத்தார். கழுவியதைப் போட்டுக் கேட்கலாம் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு முன்னிசையைத் தாண்டுவதற்குள் அவர் லிஃப்டைத் தாண்டியிருந்தார்.

மூன்றாவது ஆள்தான் ஆரோ. முழுப்பெயர் ஆரோக்கியநாதன். கிள்ளான்காரர், கத்தோலிக்கர், முப்பது வயதுக்குள் இருக்கும். வாரநாளில் வேறு வேலை, சனிக்கிழமைகளில் இந்த விற்பனை. அவர் கொண்டுவந்தது உறிஞ்சும் வகை. தட்டைச் சுழல விட்டு, மேலே திரவத்தை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஒரு குழாயால் அழுக்கையும் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடும். சத்தம் மாவு மில் சத்தம். அதை விடுங்கள். கழுவிய தட்டை நான் போட்டேன். ஆரோ உட்கார்ந்து கேட்டார். முதல் பக்கம் முடிந்து ஊசி எழும்பியது. எழுந்து போய்விடுவார் என்று பார்த்தால், அவர் சொன்னார்:

"அந்தப் பக்கமும் போடுங்க அங்கிள். அத ஏன் விடணும்?"

என் வீட்டில் இதற்கு முன் யாரும் அந்தப் பக்கத்தைக் கேட்டதில்லை. (அன்று அப்படியே 'இயந்திரத்தைக் கொடுங்கள்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.) யோசித்துச் சொல்கிறேன், அடுத்த சனிக்கிழமை இன்னும் சில தட்டில் பார்க்கலாமா என்று கேட்டேன். வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைக் கீழே நிறுத்திய காடியிலிருந்து இறக்கி, லிஃப்டில் ஏற்றி, ஒரு கூடை தட்டைக் கழுவிக் கொடுத்து, என்னோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையே நான் வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்தேன். முகம்கூட மழித்துக்கொண்டேன்.

இப்படியே போனதில் ஒரு சிக்கல் வந்தது. கென்னி ஒருமுறையும் ஆரோ வாராவாரமும் இலவசமாகக் கழுவியதில் வீட்டில் அழுக்குத் தட்டே இல்லாமல் போய்விட்டது. நல்ல நிலையில் இருந்தவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கண்ணாடிபோல் மின்னின. சனிக்கிழமை ஆரோ வந்து, "இனிமே என்ன அங்கிள் பாக்கணும்?" என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

நான்கு தட்டுகளை ஜன்னலோரம் உறையில்லாமல் வைத்துப் பார்த்தேன். கீழே சாலை, மேலே மோனோரயில், பக்கத்தில் கட்டுமான வேலை, நல்ல தூசி வரும் என்று நம்பினேன். எனக்கு இருமல் வந்ததே தவிர தட்டில் ஒன்றும் படியவில்லை. கோலமாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது, கோடு விழுந்துவிடும். முகப்பவுடரைத் தூவினால் ஊருக்கே மணக்கும். இப்படி யோசித்துக்கொண்டே சாமி அலமாரிக்கு முன் நின்றவனின் கண்ணில் திருநீற்றுப் பொட்டலம் பட்டது. பூப்போல நைசான தூள். மன்னித்துக்கொள்ளும்படி முருகனிடம் சொல்லிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் தட்டைத் துடைத்து அதன் மேல் திருநீற்றைத் தூவித் தேய்த்தேன். அச்சு அசல் பழைய அழுக்கு. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. முதல் சில தட்டுகளுக்குத்தான் எண்ணெய் வைத்தியமெல்லாம். மற்றவற்றுக்கு நேரமில்லாமல் வெறுமனே தூவி அடுக்கி வைத்தேன்.

சனிக்கிழமை ஆரோ வெள்ளைச் சட்டையில் வந்தார். அன்று சாயங்காலப் பூசைக்கு இங்கிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போகிறாராம். கம்போங் மேடானில் ஒரு நண்பர் வீட்டு ஸ்டோரில் முப்பது வருடம் கிடந்த தட்டுகள் இவை என்று சொல்லிவைத்தேன். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இப்படி ஒரு அழுக்கை நான் பார்த்ததே இல்லை என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

முதல் தட்டு தாங்கியது. இரண்டாவதில் இயந்திரத்தின் குரல் மாறியது. மூன்றாவதில் அது உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அலற ஆரம்பித்தது. திருநீறும் எண்ணெயும் திரவமும் சேர்ந்து குழாய்க்குள் சுவர் பூசுகிற சாந்துபோல் இறுகிவிட்டன. அதைச் சொருகிய சுவர் சுவிட்ச் எங்கே என்று ஆரோ குனிந்து தேடினார். அவர் குழாயைத் திறந்து உள்ளே பார்ப்பதற்குள் தடயத்தை அழித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் குழாயைப் பிடுங்கி, ஒரு முனையை வாயில் வைத்து முழு மூச்சாக ஊதினேன். உள்ளே அடைத்திருந்தது மறுமுனை வழியாகப் புறப்பட்டு ஆரோவின் வெள்ளைச் சட்டையின் நடுவில் போய் உட்கார்ந்தது. குழாய் இல்லாத இயந்திரம் அடைப்பு நீங்கிய உற்சாகத்தில் பின்பக்கமாகக் காற்றைத் தள்ளியது. பின்பக்கத்தில்தான் நான் சும்மா தூவி அடுக்கிய தட்டுகள் இருந்தன. ஒரே மூச்சில் அத்தனை திருநீறும் எழும்பி என் மேல் இறங்கியது. வியர்த்திருந்த முகம், தலை, புருவம், காது எல்லா இடத்திலும் படிந்தது.

ஆரோ சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தார். வீடு அமைதியானது. சட்டையில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து மோந்து பார்த்தார். ஜவ்வாது வாசனை போட்ட நல்ல திருநீறு அது.

"அங்கிள், இது திருநீறு லா."

நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. "ஆயுத பூஜைக்கு வச்சேன் தம்பி."

"ஆயுத பூஜை புரட்டாசியில தானே அங்கிள்? இப்ப பங்குனி."

கத்தோலிக்கப் பையன் என்று நம்பிப் பொய் சொன்னால் பஞ்சாங்கம் படிக்கிறான். அடுத்த பொய்யை நான் தேடிக்கொண்டிருந்தபோது மேசைமேல் கைப்பேசி அடித்தது. பரிமளத்தின் சனிக்கிழமை வீடியோ அழைப்பு, வழக்கமாக ஆரோ போன பிறகு வருவது, அன்று முன்னாலேயே வந்துவிட்டது. துண்டிக்கத்தான் தொட்டேன். எண்ணெய் விரல் வழுக்கி எடுக்கிற பொத்தானில் பட்டுவிட்டது.

பரிமளம் திரையில் வந்தாள். தலை முதல் கழுத்து வரை சாம்பல் பூசி, கண் மட்டும் விழித்துக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள்.

"என்னங்க... சாமியாரா போயிட்டீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் திருநீறு, இருமல்தான் வந்தது. அவள் பின்னால் திரும்பி, "கவிதா, ஓடியாடி, அப்பா சாமியாரா போயிட்டாரு" என்று கூப்பிட்டாள். முதலில் நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது. தனியாக விட்டு வந்தது தன் தப்பு என்று விசும்பினாள். பேத்தி அவள் தோளில் தொற்றிக்கொண்டு என்னைப் பார்த்து வீரிட்டாள்.

ஆரோ என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். அங்கிளுக்கு ஒன்றுமில்லை, மெசினில் தூள் அடைத்துக்கொண்டது என்று பொறுமையாக விளக்கினார். நீ யார் தம்பி என்று பரிமளம் கேட்டாள். மெசின் விற்க வந்தவன், மூன்று நாலு வாரமாக வருகிறேன் என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை.

"அத்தன தடவயா? மெசின் புடிக்கலியா அவருக்கு?"

ஆரோ என்னைப் பார்த்தார். சாமி அலமாரியில் வாய் பிளந்து கிடந்த பொட்டலத்தையும் பார்த்தார்.

"மெசின் புடிச்சிருக்கு ஆன்டி. வாங்கிட்டா அப்புறம் நான் வர மாட்டேன்னு நினைக்கிறாரு."

எனக்கு அந்த நிமிடம் தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது. கூடவே, ஒரு பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது. நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாததை ஒருவர் சொல்லிவிட்டார். பரிமளம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவர்கிட்ட குடுங்க தம்பி" என்றாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "முதல்ல போய் குளிங்க. அப்புறம் அந்த மெசின வாங்கிருங்க."

நான் குளித்து வருவதற்குள் ஆரோ தரையைத் துடைத்து வைத்திருந்தார். என் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு (அவருக்கு அது ஜிப்பா மாதிரி இருந்தது) பூசைக்குப் போனார். பாழாய்ப்போன அதே இயந்திரத்தைத்தான் வாங்கினேன். அடுத்த வாரம் வந்து புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு அவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது. தீபாவளிக்குத் தவறாமல் குரல்செய்தி அனுப்புகிறார். நான் கிறிஸ்துமஸுக்கு அனுப்புகிறேன். விற்றவர் வர மாட்டார் என்று நான் முதலில் சொன்னது சரிதான், ஆனால் அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த வருடத் தீபாவளிக்குப் பரிமளம் வந்தாள். கழுவிய தட்டு ஒன்றைப் போட்டேன். "பரவால்லியே, முறுக்குச் சத்தத்தக் காணோம்" என்றாள். பாதிப் பாட்டில் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். நான் அந்தப் பக்கத்தையும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, பிள்ளை பால்வாடிக்குப் போகும் வரைதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் ரெக்கார்டு சாமியார். பேத்திக்கு நாலு வயதாகிறது. சனிக்கிழமை அழைப்பில் 'தாத்தா சாமியார் கதை' சொல்லாவிட்டால் விடமாட்டாள். பரிமளம் சொல்வாள், நடுநடுவே நான் இருமிக் காட்டுவேன். ஆனால் அது சின்னக் கதை. அது முடிந்ததும் அங்கே யாராவது "சரிப்பா, வச்சிடவா?" என்பார்கள். அதனால் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட ஆரம்பித்தேன். லிஃப்ட் நின்றுபோனதைச் சேர்த்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி வந்து என் காலில் விழுந்து ஆசீர்வாதம் கேட்டதைச் சேர்த்தேன். எல்லாம் புளுகு. பரிமளத்துக்கும் அது தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

போன சனிக்கிழமை கதை முடிகிற இடம் வந்தது. சேர்ப்பதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் கவிதா சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்போது பரிமளம் பேத்தியை மடியில் இழுத்து உட்காரவைத்து, "இரு, இன்னும் முடியல. அதுக்கப்புறம்தான் போலீஸ்காரர் வந்தாரு" என்றாள்.

அந்தத் திருநீறு நாளில் அவள் பெர்த்தில் இருந்தாள். போலீஸும் வரவில்லை, யாரும் வரவில்லை. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம், நல்ல மனுசன், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார் என்றேன்.