துலுக்கானம் போன கப்பல்

"ரோல் பூரா கருப்பு அண்ணாத்தே. ஒரு படம்கூடத் தேறாது," என்று நெகடிவைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகக் காட்டினார் ஸ்டூடியோ செபாஸ்டியன்.

துலுக்கானம் எட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கடல் இல்லை. கப்பல் இல்லை. கப்பலின் உச்சியில் இருந்த நீச்சல் குளமும் இல்லை.

"அதெப்டி ஆவும்? ரோல் தீர்ற வரைக்கும் எடுத்தோமே."

"எங்கியோ வெளிச்சம் பட்டுகீது. நடுவுல கேமராவத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குத் தொறக்கறேன்? கேமரா எங்க ஊட்டம்மா பையிலதான் இருந்துச்சு." கொஞ்ச நேரம் யோசித்தவருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. "ஏர்போர்ட்ல பொட்டிய ஒரு மிஷினுக்குள்ள உட்டு எடுத்தான் பாரு, அதோட வேலைதான் இது."

காரணம் கிடைத்துவிட்டது. படம்தான் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரி பொன்னியம்மன் நகர் நலச்சங்க ஆண்டு விழா. 'கப்பல் சுற்றுலாவில் எதிர்பார்க்க வேண்டியவை: அனுபவ உரை, திரு. துலுக்கானம். புகைப்படக் கண்காட்சியும் உண்டு' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது.

அந்தக் கப்பல் பயணத்தைச் சம்பாதித்தது உண்மையில் அவர் மனைவி நாகவல்லி. குக்கர் விற்கும் ஏஜென்ட். பட்டாபிராமிலிருந்து ஆவடி வரை தெருத் தெருவாக நடந்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு அடுப்பில் சோறு வடிக்காமல் பொங்கிக் காட்டி விற்றவள். அந்த வருடம் அதிகம் விற்ற ஏஜென்ட்டுகளைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு விமானத்தில் அழைத்துப்போய், அங்கிருந்து மூன்று நாள் உல்லாசக் கப்பலில் சுற்றிக் காட்டுவதாகக் கம்பெனி அறிவித்தது. இந்தப் பக்கத்திலிருந்து தேர்வானவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நாகவல்லி, இன்னொருத்தி நசரத்பேட்டை ஞானசௌந்தரி.

"என் பொண்டாட்டி குக்கர் வித்து என்னையக் கப்பல்ல ஏத்திட்டா," என்று துலுக்கானம் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர், எதிர் சீட்டுக்காரர், வேர்க்கடலை விற்பவர் என்று ஒருவரையும் விடவில்லை. மனைவியின் பெருமையை இப்படி வாய் நிறையச் சொல்லும் ஆண்பிள்ளைகள் அந்த ரயிலில் குறைவு. அந்த வகையில் அவர் நல்ல மனிதர்.

அவருக்கென்று சொந்தப் பெருமையும் ஒன்று உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு மேஸ்திரி. காலை சைரன் ஊதியதும் ஹெல்மெட்டை மாட்டினால் மாலை சைரன் ஊதும்வரை கழற்றக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். ஒருநாள் கரண்ட் போய் மாலை சைரன் ஊதவில்லை. மற்றவர்கள் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். துலுக்கானம் ஹெல்மெட்டோடே ரயிலேறி, பட்டாபிராமில் இறங்கி, வீட்டுக்கு வந்து, அப்படியே சாப்பிட்டுப் படுத்தார். அந்த வருடம் நிர்வாகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அது இன்றும் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நாகவல்லியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பாதி நறுக்கிய வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போனா போவுது உடுய்யா. போனது நமக்குத் தெரியும், கடலுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

"இன்னாம்மே இப்டி சொல்ற? கஷ்டப்பட்டு நடந்தவ நீ. நாளைக்கி ஒருத்தன் போவலேன்னு சொல்லிட்டா?"

அப்படிச் சொன்ன அந்த ஒருத்தர் நலச்சங்கச் செயலாளர் தங்கவேல். மறுநாள் காலையே படங்களை வாங்கிப் போக வந்தவர், ரோல் எரிந்த கதையைக் கேட்டதும் தாடையைச் சொறிந்தார்.

"ஒரு படம்கூடவா இல்ல மாமே?"

"படம் இல்லாட்டி இன்னா? பாஸ்போர்ட் கீது பாரு." துலுக்கானம் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார்.

தங்கவேல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "சிங்கப்பூர் ஏர்போர்ட்ல எறங்கினதுக்கு முத்திர கீது. ஏர்போர்ட்லருந்து கெளம்பினதுக்கு முத்திர கீது. ஏரோப்ளேன்ல போய் ஏரோப்ளேன்ல வந்துகிற. நடுவுல கப்பல் எங்க வந்துச்சு?"

உல்லாசக் கப்பலுக்கென்று குத்திய முத்திரையும் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் மை பரவி, அது கப்பலா கத்திரிக்காயா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. சிங்கப்பூர் போனதை நிரூபிக்க எடுத்த பாஸ்போர்ட், கப்பலில் போகாததை நிரூபித்துவிட்டது.

துலுக்கானம் விடவில்லை. கப்பலில் கொடுத்த சாக்லேட் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியில் கப்பல் படம் பளபளத்தது.

"இதே டப்பா பர்மா பஜார்ல அடுக்கி வெச்சிக்கீறான்," என்றார் தங்கவேல். "செரி, கப்பல்ல இன்னாதான் இருந்துச்சு, சொல்லேன் கேப்போம்."

"மொட்டமாடியில நீச்சல் கொளம் இருந்துச்சு."

"சுத்தி கடல வெச்சிகினு நடுவுல எதுக்குய்யா கொளம்?"

அது துலுக்கானத்துக்கும் விளங்காத விஷயம்தான். ஆனால் இருந்ததை இருந்தது என்றுதானே சொல்ல வேண்டும். அதற்குமேல் உண்மையை அவர் அடக்கி வாசித்திருக்கலாம். அது அவர் பழக்கமில்லை.

"அதுகூடப் பெருசில்ல தங்கவேலு. வெள்ளைக்காரங்க வரிசையில நின்னு எங்கூடப் போட்டோ எடுத்துகினாங்க. சாப்புடற ஹாலுக்குள்ள நான் நொழஞ்சா மொத்த ஹாலும் திரும்பிப் பாக்கும். கேப்டனே தேடிகினு வந்து கை குடுத்தாரு."

தங்கவேல் மெதுவாக எழுந்தார். "ஒன்ன எதுக்குய்யா கேப்டன் தேடிகினு வரணும்?" என்றவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏம்மா நாகவல்லி, இதெல்லாம் நெஜமா?" என்று கேட்டார்.

"அதான் அவரே சொல்றாரே," என்று முனகிவிட்டு நாகவல்லி தலையைக் குனிந்தபடி கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவள் குனிந்த தலை ஒரு மணி நேரத்தில் பொன்னியம்மன் நகர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கப்பலும் இல்லை, கிப்பலும் இல்லை, சிங்கப்பூரில் யாரோ உறவுக்காரர் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று குழாயடியில் தீர்மானமானது. துலுக்கானத்துக்குத் தன்னைப் பொய்யன் என்றது வலித்தது. அதைவிட, வெயிலில் குக்கர் சுமந்தவளின் பெயரும் சேர்ந்து கெடுகிறதே என்பது இன்னும் வலித்தது.

நேராக செபாஸ்டியனிடம் போனார்.

"நைனா, உங்கிட்ட ஒரு கப்பல் தெர கீதில்ல?"

இருந்தது. பத்து வருடமாகத் தொங்கும் பின்னணித் திரை. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், இரண்டு புகைபோக்கி. வரைந்தவருக்குக் கடல் மட்டும் போதவில்லை போலும், கீழ் மூலையில் ஒரு தாமரைக் குளமும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் சேர்த்திருந்தார்.

"போனது நெஜம்தானே, படம் மட்டும் டூப்பு. இது பொய்யில ஒண்ணும் சேராதே?" என்றார் துலுக்கானம்.

"சேராது, சேராது," என்றார் செபாஸ்டியன், விளக்கைப் போட்டபடி. "கொஞ்சம் காத்தடிக்கற மாதிரி தலைமுடியக் கலைச்சி விடுங்க."

பெரிதாக்கிச் சட்டம் போட்ட அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே கொண்டுபோய் நலச்சங்கப் பலகையில் மாட்டினார். சுற்றிலும் கூட்டம் கூடியது. தங்கவேலின் மனைவி பூங்காவனம் படத்துக்குக் கிட்டத்தில் போய் நின்றாள்.

"எங்க மூத்தவ நிச்சயத்துக்கு எடுத்தோமே, அதே கப்பல். அந்தக் கொக்குகூட அப்டியே நிக்குது பாரேன்."

"எங்க தம்பியும் இந்தக் கப்பல்ல போயிருக்கான்," என்றது ஒரு குரல். "நாங்க குடும்பத்தோட போனோம்," என்றது இன்னொன்று. அரைமணி நேரத்தில் கணக்குப் பார்த்ததில், பொன்னியம்மன் நகரில் அந்தக் கப்பலில் ஏறாத குடும்பமே இல்லை என்று தெரிந்தது.

"பேச்ச வாபஸ் வாங்கிக்கய்யா," என்று அன்றிரவு நாகவல்லி கெஞ்சினாள். "ஒடம்பு செரியில்லன்னு சொல்லிடு. பொய்யின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"நீ சம்பாரிச்ச கப்பல நான் இல்லன்னு சொல்லவா? அது நடக்காதும்மே."

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள்.

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி நசரத்பேட்டைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியானா பந்தலில் நல்ல கூட்டம். பேச்சைக் கேட்க வந்தவர்களைவிடப் பேச்சாளர் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்களே அதிகம். நாகவல்லி முன்வரிசையில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துலுக்கானம் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் மைக் முன்னால் வந்து நின்றார். நடுக்கம் துளியும் இல்லை.

"கப்பல்ல போனா இன்னா எதிர்பாக்கணும்? மொத விஷயம், பெரிய கப்பல் அவ்ளோவா ஆடாது. ஆடும்னு பயந்துகினு நாமதான் ஆடுவோம். அடுத்தது, பசிக்குதுன்னு வாயத் தொறக்கவே வாணாம். பொழுது விடிஞ்சா போட ஆரமிச்சி ராத்திரி வரைக்கும் சோறு போட்டுகினே கீறான். அப்புறம் ரூமுக்குப் போனா, குளிக்கற துண்ட மடிச்சி அன்னப்பட்சி செஞ்சி கட்டில் மேல வெச்சிருப்பான். அதப் பிரிச்சித் தொடச்சிக்க யாருக்கு மனசு வரும்? எங்க ஊட்டம்மா மூணு நாளும் முந்தானையிலதான் தொடச்சிகினா."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அதில் கொஞ்சம் நம்பிக்கையும் கலந்திருந்தது. துண்டில் அன்னப்பட்சி செய்வதை யாரும் உட்கார்ந்து கற்பனை பண்ண முடியாது என்று பூங்காவனமே பக்கத்தில் சொன்னாள்.

"அதெல்லாம் செரி மாமே," என்று எழுந்தார் தங்கவேல். "வெள்ளைக்காரங்க ஒங்கூட எடுத்துகின போட்டோ எங்க?"

"வந்துகினே கீது," என்று பந்தல் வாசலைக் காட்டினார் துலுக்கானம்.

ஞானசௌந்தரி உள்ளே வந்துகொண்டிருந்தாள். கையில் தடித்த ஆல்பம்.

"இவங்க நசரத்பேட்ட ஞானசௌந்தரி. எங்களோட அதே கப்பல்ல வந்தவங்க. இவங்க கேமராவுல எடுத்த படம். நல்லா பாத்துக்கங்க."

நாகவல்லி எழுந்துவிட்டாள். "ஐயோ வாணாம்," என்று அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. தங்கவேல் ஆல்பத்தை வாங்கித் திறந்துவிட்டார்.

முதல் படத்தில் நிஜக் கப்பல், நிஜக் கடல். நடுவில் துலுக்கானம். கழுத்திலிருந்து இடுப்புவரை ஆரஞ்சு நிறத்தில், தலையணைகளைச் சேர்த்துத் தைத்தது போன்ற லைஃப் ஜாக்கெட். தோளில் ஒரு விசில் தொங்கியது. அடுத்த படத்தில் நீச்சல் குளம். அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் அவர் தோளில் கை போட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். நடுவில் அதே ஜாக்கெட்டோடு விறைப்பாக நின்றார் துலுக்கானம். சாப்பாட்டு ஹாலில் தட்டுக்கும் வாய்க்கும் இடையில் ஜாக்கெட். கேப்டன் கை கொடுத்த படத்திலும் ஜாக்கெட். கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தங்கவேல் நிமிர்ந்தார். "இன்னா மாமே இது?"

"அதுவா? ஏறின அன்னிக்கி சைரன் ஊதி எல்லாரையும் மாட்டச் சொன்னான். ஆபத்து வந்தா இன்னா பண்ணணும்னு ஒத்திகையாம். மாட்டினேன். கழட்டறதுக்கு சைரன் ஊதவே இல்ல. மத்தவங்க தானாவே கழட்டிப்புட்டாங்க. ஒழுங்கு தெரியாதவங்க."

"தூங்கறப்போ?"

"சைரன் ஊதலையே தங்கவேலு."

பந்தல் முதலில் ஆல்பத்தை எட்டிப் பார்த்தது. பிறகு சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தட்டிக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தது. ஆல்பம் கைக்குக் கை போனது.

துலுக்கானம் அசையவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் மைக்கை நெருங்கி, "கப்பல்ல போனது நெஜமா இல்லியா, அத மட்டும் சொல்லு," என்றார்.

"நெஜம்தான் மாமே," என்றார் தங்கவேல், கண்ணீரைத் துடைத்தபடி. "படத்துல கீறது சத்தியமா ஒன்னத் தவிர வேற யாரும் இல்ல."

"கேட்டியா நாகு? ஒன் கப்பல ஊரே ஒத்துகினுச்சு," என்று அவர் நெஞ்சை நிமிர்த்தி மேடையிலிருந்து மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மேடையோரம் நின்றிருந்தாள்.

ஞானசௌந்தரி அவளைத் தேற்றப் போனாள். மைக் பக்கத்திலேயே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அவள் குசுகுசுவென்று சொன்னது ஒலிபெருக்கி வழியாகப் பொன்னியம்மன் நகர் முழுக்கக் கேட்டது.

"ஊர் இவரப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சிங்கப்பூர் ஓட்டல் ரூம்ல கேமராவத் தொறந்து ரோல வெளிய இழுத்து வெயில்ல காட்டினீங்க, நானும் வாயத் தொறக்கல, ஆனா அவரே ஊடு தேடி வந்து ஆல்பத்தக் குடும்மான்னு கையெடுத்துக் கும்புட்டா நான் இன்னாக்கா பண்றது?"