பாசப் பீரோ

மனிதகுலம் இதுவரை ஏற்படுத்திய அமைப்புகளில் மிக உயர்ந்தது குடும்பம். அதையும்விட உயர்ந்தது, வாசலில் விரல்ரேகை வைத்தால்தான் உள்ளே விடும் குடும்பம். அப்படிப்பட்ட ஒரு குடும்பம் மைசூரில், சரஸ்வதிபுரத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. பெயர், ககனகருடா குளோபல் இங்கிலீஷ் அகாடமி.

வெளிநாடு போகத் துடிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, தேர்வில் தேற்றி, விமானம் ஏற்றி அனுப்புவது அதன் திருப்பணி. படிக்கட்டுச் சுவர் முழுக்கப் பறந்து போனவர்களின் புகைப்படங்கள். நர்ஸுகள், என்ஜினியர்கள், கனடாவில் என்ன வேலை பார்க்கிறார் என்று வீட்டாருக்கே தெரியாத ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே தங்க எழுத்தில் ஒரு கேள்வி: 'உன்னைத் தடுப்பவர் யார்?'

ரூபாவைத் தடுத்தவர் யார் என்பதுதான் இந்தக் கதை.

ரூபா அங்கே நான்கு வருஷமாக ஆசிரியை. வயது இருபத்தெட்டு. எம்.ஏ., பி.எட். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற தமிழ்க் குடும்பம். சுவரில் சிரிக்கிற முகங்களில் பாதி, அவள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவை. மற்றவர்களை ஏற்றி அனுப்பி அனுப்பி அவளுக்கும் ஒருநாள் அந்த ஆசை வந்துவிட்டது. வியட்நாமில் ஹைஃபாங் நகரத்துப் பள்ளி ஒன்று, மூன்று முறை வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஆங்கில ஆசிரியை வேலை கொடுத்தது. இரண்டே நிபந்தனை. பட்டச் சான்றிதழின் அசலில் அரசாங்க முத்திரை வாங்கி, அதை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு வருஷம் பாடம் நடத்தியதற்கு அனுபவக் கடிதம் வேண்டும். இரண்டும் செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதிக்குள். தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அசல் அவளிடம் இல்லை. பாசப் பீரோவில் இருந்தது.

வாசகர்கள் இந்த இடத்தில் எழுந்து நின்றால் நல்லது. வேலையில் சேரும் நாளே பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டு முதல் பட்டம் வரை எல்லா அசல்களையும் நிறுவனரிடம் ஒப்படைப்பது அந்த வீட்டு வழக்கம். "வாடகை ரூம்ல இருக்கே, கரையான் இருக்கு, மழை இருக்கு, எதை நம்பறது?" என்று கேட்டு அக்கறையோடு வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவை நிறுவனர் அறையிலுள்ள பச்சை இரும்புப் பீரோவில் வாசம் செய்யும். வெள்ளிக்கிழமை தோறும் நிறுவனரின் மனைவி ஸரஸா வந்து பீரோவுக்குக் குங்குமம் வைத்து ஊதுபத்தி காட்டிவிட்டுப் போவாள். பதினேழு ஆசிரியர்களின் எதிர்காலமும் இப்படி மணக்க மணக்க இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கரையான் அண்டவில்லை. ஆசிரியர்களாலும் அண்ட முடியவில்லை.

நிறுவனர் கௌஸ்துபுக்கு வயது நாற்பத்தொன்று. 'முதலாளி' என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் வாடிவிடும். பெண்களை 'மகளே' என்பார், ஆண்களை 'மகனே' என்பார். அவரைவிட ஆறு வயது மூத்த இலக்கண வாத்தியாரும் மகன்தான்.

செப்டம்பர் மூன்றாம் தேதி காலை ரூபா ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். கௌஸ்துப் நிதானமாகப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மகளே, தேங்க்யூங்கறது ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு."

"ஆமாங்க சார்."

"நாலு வருஷத்துக்கு ஒரு தேங்க்யூவா? ஸ்வல்ப யோசிச்சுப் பாரு."

பத்துக்கு நாலு மார்க் போட்டு, 'நன்றி போதாது, திருப்பி எழுதவும்' என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். ரூபா திருப்பி எழுதினாள். இந்த முறை ஆறு தேங்க்யூ. மார்க் ஆறரை. 'உணர்ச்சி இருக்கிறது, கண்ணீர் இல்லை.' மூன்றாவது கடிதத்தைப் படித்ததும் கௌஸ்துபுக்கே கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நன்னா எழுதற பொண்ணை எப்படி அனுப்பறது, நீயே சொல்லு?" என்று கேட்டபடி அதைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"சார், அசலையாவது குடுத்துருங்க. பெங்களூரு போயி முத்திரை வாங்கோணும்."

"பேடம்மா, வேண்டாம். குடும்பத்துல யாராவது ராஜினாமா பண்ணுவாளா? மனசு சரியில்லேன்னா ஸஞ்சனாகிட்டப் பேசு."

விவகாரம் இவ்வாறாக மகிழ்ச்சித் துறைக்கு மாற்றப்பட்டது. ஸஞ்சனா அந்த அகாடமியின் 'மகிழ்ச்சி அதிகாரி'. ஆள் எடுப்பதும் லீவு மறுப்பதும்தான் வேலை; மற்ற இடங்களில் அதை எச்.ஆர். என்ற பெயரில் செய்வார்கள். திங்கட்கிழமை காலை அவள் தலைமையில் 'நன்றி வட்டம்' நடக்கும். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கைமாறி வரும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். எட்டாம் தேதி பந்து நேராக ரூபாவிடம் வந்தது.

"ரூபா, இப்போ உன் மனசுல என்ன கலர் தெரியுது?"

"பச்சைங்க மேடம்."

"ஆஹா! பச்சைன்னா அமைதி."

"பீரோப் பச்சைங்க மேடம். அதுக்குள்ள என்ற டிகிரி இருக்குதுங்க."

"டிகிரி ஃபீலிங் கிடையாது ரூபா. வெறும் பேப்பர். பேப்பரைப் புடிச்சுத் தொங்கறது உடம்புக்கு நல்லதில்ல. விட்டுடப் பழகு."

"நான் எப்பவோ விட்டுட்டேனுங்க. நீங்கதான் விட மாட்டேங்கறீங்க."

வட்டத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறக்காமலே இருமினார்கள். மகிழ்ச்சிப் பதிவேட்டில் ரூபாவின் பெயருக்கு எதிரே 'பற்று அதிகம்' என்று எழுதப்பட்டது.

பதினோராம் தேதி ரூபா அரை நாள் லீவு போட்டுவிட்டு, தொழிலாளர் புகார்களைக் கேட்கிற ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனாள். ஊரெல்லாம் தசரா விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த அதிகாரி நஞ்சுண்டசாமி, ஹனூருக்கு அடுத்த கொள்ளேகாலத்துக்காரர். அவள் கன்னடத்தில் ஆரம்பித்த புகார் இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டது.

"நீ என்ன வேலைம்மா?"

"டீச்சருங்க."

"அடடா!" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "டீச்சர் தொழிலாளி இல்லியேம்மா. கோர்ட்டே சொல்லிருக்குது. கூட்டற அம்மா தொழிலாளி, பஸ் ஓட்டறவரு தொழிலாளி. டீச்சரு குரு. அந்தஸ்து ஒசரம்."

"கூட்டறவங்க காயிதத்தப் புடிச்சு வச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இன்னிக்கே நோட்டீஸ் உட்டுருவேன்."

"அப்ப நாளையிலிருந்து நான் கூட்டறனுங்க."

நஞ்சுண்டசாமி அவளைப் பார்த்தார். ஊர்ப் பாசமோ, அவள் முகத்தில் இருந்த சோர்வோ, எந்தச் சட்டப் பிரிவு என்று குறிப்பிடாமல் 'தகவலுக்காக விளக்கம் தரவும்' என்று அகாடமிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பதினேழாம் தேதி பதில் வந்தது. சாதாரணத் தாளில் அல்ல, நூறு ரூபாய் முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு வந்தது.

'எமது அகாடமியில் ஊழியர் என்று எவரும் இலர். யாவரும் குடும்பத்தினரே. மேற்படி ரூபா எல்லா அர்த்தத்திலும் என் சொந்த மகள். மகளின் ஆவணங்கள் தந்தையின் பீரோவில் இருப்பது நமது பண்பாடு. மேற்படியாள் இங்கு வேலை பார்த்ததே கிடையாது. வீட்டுப் பெண்ணாகக் கூடமாட ஒத்தாசை செய்திருக்கிறாள்.'

"குடும்ப விசயம்னு எழுதிட்டாரு. இதுக்கு மேல நாங்க தலையிட முடியாதும்மா," என்று, வரவழைத்த ரூபாவிடம் பதிலைக் காட்டிவிட்டு நஞ்சுண்டசாமி ஃபைலைக் கட்டினார்.

ரூபா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு. தொண்டை கட்டிப்போய் உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு மறுபடியும் போய் நின்ற வகுப்புகள். அத்தனையும் கூடமாட ஒத்தாசையாம்! அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. அசலும் இல்லை, இனி அனுபவக் கடிதமும் கிடைக்காது, மிச்சம் எட்டு நாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதிலை மனசுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். கௌஸ்துப் எத்தனையோ படித்தவர். ஆனால் முத்திரைத்தாளில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது நிலம் வைத்திருக்கிற குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ரூபாவின் அத்தை பாகம் கேட்டுப் போட்ட வழக்கு பதினோரு வருஷம் நடந்து, போன வருஷம்தான் முடிந்தது. 'சொந்த மகள்' என்று முத்திரைத்தாளில் பார்த்தால் அவர்கள் வீட்டில் யாருக்கும் பாசம் பொங்காது. சர்வே நம்பர்தான் ஞாபகம் வரும்.

அவள் எழுந்து மறுபடியும் உள்ளே போனாள். "அண்ணா, அந்த லெட்டருக்கு ஒரு நகல் குடுங்க."

"எதுக்கும்மா?"

"குடும்ப விசயமுங்க."

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. கௌஸ்துப் அறையில் ஸரஸா பீரோவுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தாள். ரூபா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வா மகளே. மனசு மாறிடுத்தா?"

"மாறிருச்சுங்க சார். வீட்டை விட்டு எதுக்குப் போறதுன்னு தோணிருச்சு. பாகம் பிரிச்சுக்கலாமுங்க."

"எது?"

"பாகமுங்க. உங்க ஒண்டிக்கொப்பல் வீடு, அப்பறம் இந்த அகாடமி. உங்க பசங்க, என்ற தம்பிங்க ரெண்டு பேரு, நான் ஒருத்தி. மூணாப் பிரிச்சா செரியாப் போகும்."

ஸரஸாவின் கையில் ஊதுபத்தி அப்படியே நின்றது. "என்ன உளர்றா இவ?"

ரூபா நகலை மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தாள். ஸரஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஏன்னா, எல்லா அர்த்தத்திலும்னா என்ன அர்த்தம்?"

"ஸரஸா, அது சும்மா ஆபீஸ் பாஷை."

"இவளுக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டுங்க மேடம்," என்றாள் ரூபா.

ஸரஸா விரல் விட்டு எண்ணினாள். "உங்களுக்குப் பதிமூணு வயசு அப்போ!"

"ஐயோ, அது மெட்டாஃபர் ஸரஸா, மெட்டாஃபர்!"

"நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல யாராவது மெட்டாஃபர் எழுதுவாளா? கீழ நோட்டரி சீல் அடிச்சிருக்காரே, அதுவும் மெட்டாஃபரா? என் பசங்க வீட்டுக்கு மூணாவதா ஒரு பங்காளியை எழுதிக் கொடுத்திருக்கேளே!"

"கோர்ட்ல இது நிக்கவே நிக்காது."

"நிக்காமப் போகட்டுமுங்க சார்," என்றாள் ரூபா. "எங்க அத்தை கேஸு பதினோரு வருசம் போச்சு. அதுவரைக்கும் அந்த நிலத்துல ஒரு செடி புடுங்க முடியல, தடை உத்தரவு. நாங்க கேஸுக்குப் பழகினவங்கங்க."

கௌஸ்துப் அடுத்த மாதம் அந்த வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் பெங்களூரில் கிளை திறப்பதாக இருந்தார். ஸரஸா மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள், நல்ல நேரம் கூடப் பார்க்காமல் பீரோவைத் திறந்தாள், ரூபாவின் ஃபைலைத் தேடி எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"எடுத்துண்டு போ. உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போ."

"நான் எழுதக் கூடாதுங்க மேடம். சார்தான் எழுதோணும்."

கௌஸ்துப் கணினி முன் உட்கார்ந்தார். அகாடமியின் வரலாற்றில் தேங்க்யூ இல்லாத முதல் கடிதம் அச்சாயிற்று. 'மேற்படி ரூபா எனக்கு எவ்விதத்திலும் உறவினர் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக எமது நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு முழுநேர ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தவர்.' 'வேலை பார்த்தவர்' என்பதன் கீழே ஸரஸா தன் கையாலேயே இரண்டு கோடு போட்டாள். ஹைஃபாங் பள்ளி கேட்டதும் அதைத்தான்.

அந்த நேரத்தில் ஸஞ்சனா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சார், இங்க பேசினது வெளியில கேட்டு, ஸ்டாஃப் எல்லாரும் வரிசையில நிக்கறாங்க."

"எதுக்கு?"

"பாகம் கேக்கறாங்க சார்."

"நீ போய் அவாளைச் சமாதானப்படுத்து!"

"முடியாது சார். நானும் வரிசையில இருக்கேன், என் மார்க்ஸ் கார்டும் உள்ளதான் இருக்கு. அப்புறம் வந்தா இடம் போயிடும்."

கௌஸ்துப் கையெழுத்துப் போட்டு, சீல் அடித்து, கடிதத்தை நீட்டினார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அவ்வளவு பெரிய மனசு.

"நாலு வருஷம் உன்னை மகளா வச்சிருந்தேனே, இப்படிப் பண்ணிட்டியே மகளே."

ரூபா கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்து, மடித்து, ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேலைக்காரின்னு கேட்டப்ப மகளுன்னீங்க. மகளுன்னு கேட்டப்ப வேலைக்காரின்னு எழுதிக் குடுத்துட்டீங்க. ஒண்ணுமே கேக்காம இருந்த வரைக்கும்தானுங்க சார், நான் உங்க குடும்பம்."